முன்னால் பூதம், பின்னால் நான்

ஏலத்துக்கு நான் போனது பழைய மின்மோட்டார் வாங்கத்தான். எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் மில் ஸ்டோர்ஸ் வைத்திருந்தேன். நூற்பாலைகளுக்கு வேண்டிய பெல்ட், பேரிங், பாபின், நட்டு, போல்ட்டு எல்லாம் விற்கிற கடை. தூத்துக்குடித் துறைமுகத்தில் முறையான காகிதம் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்ட சரக்குகளை ஏலம் விடுகிறார்கள், ஜப்பான் மோட்டார் சல்லிசாகக் கிடைக்கும் என்று எவரோ சொன்னதை நம்பி பஸ் ஏறினேன். கிட்டங்கியில் மோட்டார்கள் இருந்தன. எல்லாம் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் மூடி ஒன்று நின்றது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் வந்திருக்க வேண்டும்.

எழுநூற்றைம்பது சி.சி., நாலு சிலிண்டர். முன்னால் முழு மூடாக்கு, காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. சிவப்பு. ஐரோப்பாவில் ஒருவன் காலையில் ஒரு நாட்டில் காப்பி குடித்துவிட்டு, மத்தியானம் அடுத்த நாட்டில் சாப்பிட்டு, ராத்திரி மூன்றாவது நாட்டில் முதுகுவலி இல்லாமல் தூங்குவதற்காகச் செய்த வண்டி அது. மணிக்கு இருநூறுக்கு மேல் போகும் என்று வேகமுள்ளின் வட்டம் சொன்னது. அந்த வண்டியை வாங்கின நான் தினசரி வீட்டிலிருந்து கடைக்குப் போகும் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். நான் போகக்கூடிய அதிகபட்ச வெளிநாடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த மாமனார் வீடு. அது பதினொரு கிலோமீட்டர்.

லாரியிலிருந்து இறக்கியபோது என் அம்மா வாசலில் நின்றாள்.

"மோட்டார் வாங்கிட்டு வாரேன்னுல போன?"

"இதுக்குள்ளயும் மோட்டார்தாம்மா இருக்கு."

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சக்கரத்தின் அகலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்கு எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. அப்பா எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினபோதும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஸ்கூட்டரில்தான் அப்பா சிவகிரி ரோட்டில் பொழுது மசங்குகிற நேரத்தில், முன்னால் போன மாட்டுவண்டியில் நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலைப் பார்க்காமல் போய் மோதினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சைக்கிளில் கடைக்குப் போய் வந்தால்கூட, சத்தம் கேட்கும்வரை அம்மா அடுப்பங்கரையில் உட்காரமாட்டாள். நின்றுகொண்டே இருப்பாள்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, காலையில் கிளம்பி, கன்னியாகுமரிவரை ஒரே ஓட்டமாக ஓட்டிப் போய், சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு தடவை போதும். என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள், கடல் பார்த்ததில்லை. வண்டிக்கும் ஒரு தடவை அது எதற்குப் பிறந்ததோ அந்தக் காரியத்தைச் செய்யக் கொடுத்த மாதிரி இருக்கும். இந்த ஆசையை மனதுக்குள் வைத்திருந்தால் நல்லபடியாக நடந்திருக்கும். நான் கடைத்தெரு முழுக்கச் சொன்னேன்.

ஒரு வாரத்துக்கு வண்டி பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டே வீட்டில் பால் தீர்ந்தது. வந்தவர்கள் பெட்ரோல் டேங்கை, பானை வாங்குகிறவர்கள் மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார்கள். எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார்கள். ஒரு மில் மேஸ்திரி, நெருக்கி உட்கார்ந்தால் தன் குடும்பம் மொத்தமும் போகலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். என் மனைவி சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார வேண்டுமே என்று வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய், கால் வைக்க ஒரு பலகையும் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பித் தட்டியும் வைத்தேன். ஜப்பானில் அதை வரைந்த என்ஜினீயர் பார்த்திருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பார். வெல்டிங் கடைக்காரர் என்னவோ மிகவும் திருப்திப்பட்டார். "இப்பத்தான்ணே குடும்ப வண்டி மாதிரி இருக்கு" என்றார்.

"கண்ணு படும்லே. ஊர் கண்ணு பூராவும் இதும் மேலதான் இருக்கு" என்றாள் அம்மா. முதல் வெள்ளிக்கிழமை ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் கட்டினாள். நான் காலேஜில் படிக்கும்போது பகுத்தறிவு பேசி மேடையேறினவன். திருமணத்தில் ராகுகாலத்தில்தான் தாலி கட்டுவேன் என்று சண்டை போட்டு, கடைசியில் நல்ல நேரத்தில் கட்டினவன். ஆனாலும் எலுமிச்சம்பழம்தானே, போகட்டும் என்று விட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டியின் எஞ்சினைத் தண்ணீர்தான் குளிரவைக்கும். எஞ்சினில் சூடேறிய தண்ணீர் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வரும். முன்மூடாக்கின் நடுவில் சல்லடை போட்ட பெரிய வாய் ஒன்று இருந்தது. அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கும். வாயை அடைத்தால் வண்டி கொதிக்கும். அம்புட்டுத்தான் விஷயம். இன்று எனக்கு இது தெரிகிறது. அன்று எனக்கோ, ராஜபாளையத்தின் எந்த மெக்கானிக்குக்கோ தெரியவில்லை. நாங்கள் கண்டதெல்லாம் காற்றில் குளிர்கிற எஞ்சின். தண்ணீர் என்பது லாரிக்கு ஊற்றுவது. மோட்டார் சைக்கிளின் முகத்தில் இருந்த அந்தச் சல்லடையை அழகுக்கு வைத்தது என்று நினைத்தோம். திருஷ்டிப் பொருள் கட்டுவதற்கு அதைவிடத் தோதான இடம் வண்டியில் வேறு இல்லை. கயிறு கோக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சங்கு வந்தது, கறுப்புக் கயிற்றில் கோத்த நல்ல பெரிய சங்கு. அதோடு கறுப்புத் துணியில் முடிந்த படிகாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனபோது, மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டியதும் சூடு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. நிறுத்தினேன். அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்காரர் இறங்கிவந்து பார்த்தார். "வண்டிக்குப் பித்தம்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது அம்மா சங்கைத் தொட்டுப் பார்த்தாள். "பாத்தியா, கண்ணு எம்புட்டு இருக்குன்னு" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூதம் வந்தது.

புது வீடு கட்டுகிறவர்கள் சாரத்தில் தொங்கவிடுவார்களே, கண்ணை உருட்டி நாக்கைத் தொங்கப்போட்ட பூத முகம், அதேதான். மண்ணில் செய்து வர்ணம் அடித்தது. சல்லடையின் முக்கால் பாகத்தை அது மூடிவிட்டது. எதிரே வருகிற எருமைகள் பூதத்தைப் பார்த்து ஒதுங்கின. அந்த ஒரு லாபம் இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் இப்போது வண்டி மம்சாபுரம் விலக்குவரைகூடப் போகவில்லை.

செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. என் மாமனார் தேரடிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். காலையில் ஆண்டாளைச் சேவிக்காமல் கடையைத் திறக்கமாட்டார். சம்பந்தியம்மா பூதத்தைக் கட்டியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "பூதத்தக் கட்டுனா பூதந்தான் வரும் மாப்ளே. நம்ம பெருமாள் இருக்கையில இது எதுக்கு?" என்று தம் கடையிலேயே ஒரு பித்தளைத் தகடு அடிக்கச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டு அகலம். நடுவில் சுதர்சனச் சக்கரம், மேலே நாமம். பாத்திரக்கடைக்காரர் ஆயிற்றே, கை சும்மா இருக்குமா? விளிம்பில் சுற்றி, குடத்தில் பெயர் வெட்டுவதுபோலப் புள்ளி புள்ளியாக 'உபயம்' என்று போட்டுத் தம் பெயரையும் கடை விலாசத்தையும் வெட்டவைத்திருந்தார். அதைப் பூதம் மறைக்காத மீதிக் கால் பாகத்தில் வைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

சக்கரத்தகடு வந்த செய்தி கேட்டு அம்மா சும்மா இருக்கவில்லை. தேவதானத்துப் பக்கமிருந்து ஆகாசக்கருடன் கிழங்கு வரவழைத்தாள். மஞ்சளும் குங்குமமும் பூசி, கருங்கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிடுவது. அதன் சிறப்பு என்னவென்றால், தண்ணீர் ஊற்றாமலே காற்றில் வளரும். காற்று வரும் வழியில் கட்டினாள். வளர்ந்தது. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் கல்யாணத்தின்போதுகூட இப்படி ஒரு போட்டி இருந்ததில்லை. சைவமும் வைணவமும் சேர்ந்து ஒரே ரேடியேட்டரை அடைத்தது வேறு எந்த ஊரிலாவது நடந்திருக்குமா என்று தெரியாது.

மெக்கானிக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாவது மெக்கானிக் பிளக்கை மாற்றினார். இரண்டாவது ஆள் கார்பரேட்டரைக் கழற்றினார். உள்ளே நாலு இருந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் வரவில்லை. மூன்றாவது ஆள் லாரி மெக்கானிக், கொஞ்சம் விவரமானவர். ஹெட் கேஸ்கட்டை மாற்றிவிட்டு, தண்ணீர் ஓடும் ஹோஸை எல்லாம் சுத்தம் செய்தார். எல்லோரிடமும் ஒரு பழக்கம் பொதுவாக இருந்தது. பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே முன்பக்கம் வருவார்கள். பூதத்தையும் சக்கரத்தையும் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி பின்பக்கம் போய்விடுவார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அதில் வண்டியின் மூஞ்சியை நோக்கி வரிசையாக அம்புக்குறி போட்டிருந்தது. லாரி மெக்கானிக் அதை வெகுநேரம் பார்த்தார். "எதிர்க்காத்துல இந்த எடத்துலதான்ணே அடி விழும்னு போட்டிருக்கான். நீங்க நல்லாத்தான் மறைச்சு வச்சிருக்கீய" என்றார்.

இப்படி இரண்டு வருடம் போனது. கன்னியாகுமரி போகிறேன் என்று நான் நாலு முறை கிளம்பினேன். ஒரு முறைகூடச் சங்கரன்கோவில்வரை போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு முறையும் என் மனைவி பட்டுச்சேலை கட்டி, புளியோதரை கட்டி, கடலில் கால் நனைத்தால் மாற்றிக்கொள்ள என்று இன்னொரு சேலையும் எடுத்துவைப்பாள். ஒவ்வொரு முறையும் புளியோதரையை வேப்பமரத்தடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு அவள் பஸ்ஸில் திரும்புவாள். நான் வண்டி ஆறும்வரை காத்திருந்து, இருபதில் உருட்டிக்கொண்டு வருவேன். ஊர் எல்லையில் எங்கள் ஊர் வெள்ளை நாய் ஒன்று வழக்கமாக வண்டிகளைத் துரத்தும். என் வண்டியைக் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, முந்திப் போய், நின்று, திரும்பிப் பார்க்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இதற்குள் நானும் மாறிப்போயிருந்தேன். மேடையில் பேசிய பகுத்தறிவெல்லாம் ஆவியாகி ரேடியேட்டர் வழியாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் மாற்றாமல் வண்டியை எடுக்கமாட்டேன். ஒருநாள் தெருவில் கிழங்கின் கயிறு அறுந்து விழுந்தபோது, வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் புதுக் கயிறு வாங்க ஓடினேன். இத்தனை கட்டியுமே இப்படிக் கொதிக்கிறதே, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் தர்க்கம். அதில் ஓட்டை இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் எல்லாவற்றுக்கும் முடிவு கட்டியது என் மைத்துனனின் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு. எல்லோரும் கார் பிடிப்பார்கள், நாங்கள் வண்டியில் அழைப்போம் என்று மாமனார் சொல்லிவிட்டு, வண்டியை ஏற்றிவர லாரியும் அனுப்பினார். தகட்டில் தம் கடை விலாசம் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பூதம், சங்கு, கிழங்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் மேலே ஆளுயரச் சம்பங்கி மாலை ஒன்றையும் குறுக்கே சாத்தினார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். நடை வேகத்தில், ரத வீதியில், பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மைத்துனனைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் ஊர்ந்தேன். இருநூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த எஞ்சின் தவிலுக்குப் பின்னால் நடந்து வந்தது.

தெற்கு ரத வீதி திரும்பும்போது கொதித்தது. இது மற்ற நாட்களைப் போல ஒழுகவில்லை. 'புஸ்' என்று ஒரு சத்தம். பூதத்தின் வாயிலிருந்தும் கண்ணிலிருந்தும் வெள்ளையாக ஆவி பீறிட்டு வந்தது. தவில்காரர் திரும்பிப் பார்த்தார், தவிலோடு ஓடினார். கூட்டத்தில் இரண்டு பேர் கைகூப்பினார்கள். மைத்துனன் குதித்து இறங்கி, கையில் பூச்செண்டோடு வழியில் வந்த ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்பு மேற்கு ரத வீதிவரை போய்த் திரும்பி வந்தது. மாமனார் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "வித்துருங்க மாப்ளே" என்றார். அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை பஞ்சுப் பொதி ஏற்றும் லாரியில் வண்டியையும் என்னையும் ஏற்றி ராஜபாளையத்தில் இறக்கினார்கள். தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்திருந்தது. "மாப்ள அழைப்புல பூதம் பொகவிட்டுச்சாமே" என்று ஒருவர் கேட்டார், பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பது எனக்கு அன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டி விற்பனைக்கு என்று சொன்னதும் தளவாய்புரத்தில் ஒருவர் கேட்டார், சுந்தரபாண்டியத்தில் ஒருவர் கேட்டார். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்ததும் இருவரும் காணாமல் போனார்கள். கடைசியாக வந்தவர் தேவதானத்து விவசாயி. அவர் வண்டியில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினை மட்டும் குனிந்து பார்த்தார். கிணற்றில் பம்புசெட்டோடு சேர்த்து இறைக்கலாம், நாலு சிலிண்டர் இருக்கிறதே, தண்ணீர் கொட்டும் என்றார். "மிச்ச சாமானையெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க. இந்தச் செவப்புத் தகரம் எனக்கு எதுக்கு?" திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை, கிணற்றடியில் கிடக்கப் போகிற எஞ்சினுக்குக் குளிப்பாட்டு எதற்கு? துணியை முக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது அழுகை வந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது ஆள் ஒரு மோட்டார் சைக்கிளுக்காக அழுவதைப் பார்த்து நானே கூச்சப்பட்டேன். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூக்கைச் சிந்தி நிமிர்ந்தபோது, அம்மா காப்பியோடு நின்றாள். டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வந்து பார்த்தேன். வண்டியின் முகம் மொட்டையாக நின்றது. பூதம் இல்லை, சங்கு இல்லை, கிழங்கு இல்லை. மாமனாரின் தகட்டையும் கம்பியை அறுத்து எடுத்து, புளி போட்டுத் துலக்கிப் பூஜை அலமாரியில் சாத்திவைத்திருந்தது. சல்லடை ஓட்டைகளில் அடைந்திருந்த குங்குமத்தையும் பழச்சாற்றையும் யாரோ விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்திருந்தார்கள்.

"அம்மா, எல்லாத்தயும் ஏன் எடுத்த?"

"காஞ்சு போச்சுல்ல, எடுத்துட்டேன். நாளைக்கு அவரு வந்துருவாரு. இன்னைக்கு அவளக் கூட்டிக்கிட்டு கன்னியாகுமரி போயிட்டு வந்துருலே."

"ஒண்ணுங் கட்டாம எப்படிம்மா போறது?"

பகுத்தறிவு பேசி மேடையேறினவன் கேட்ட கேள்வி இது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "சும்மா போ. வெள்ளன கெளம்பு, வெயிலுக்கு முன்னாடி" என்றாள். புளியோதரையை அவளே கட்டிவைத்திருந்தாள்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பியபோது என் கண் ரோட்டில் இல்லை, சூட்டு முள்ளில்தான் இருந்தது. ஊர் எல்லை போனது. முள் நடுவில் நின்றது. நான் எப்போதும் நிற்கும் வேப்பமரத்தடி வந்தது, போனது. "நிறுத்தலயா?" என்று மனைவி கேட்டாள். சங்கரன்கோவிலைத் தாண்டியதும், ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லி, இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆம்பளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினாள். "பேசாம ஓட்டுங்க. யாரு பாக்கப்போறா?" என்றாள். திருநெல்வேலி தாண்டினோம். நாங்குநேரி தாண்டினோம். முதல்முதலாக ஐந்தாவது கியருக்கு மேல் ஒரு கியர் இருப்பதைக் கண்டுபிடித்தேன். நூறு, நூற்றுப்பத்து. மூடாக்கின் இடுக்கு வழியாக முழங்காலில் வெதுவெதுப்பாகக் காற்று அடித்தது. இரண்டு வருடத்தில் அப்படி அடித்ததே இல்லை. ரேடியேட்டருக்குள் புகுந்து வருகிற காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்று அறைந்தபோது முள் இன்னும் கீழே இறங்கியது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. புத்தகத்தில் போட்டிருந்த அம்புகள் எல்லாம் காற்று. இரண்டு வருடமாக நாங்கள் அதன் மூக்கைப் பொத்திவைத்துக்கொண்டு மூச்சு ஏன் திணறுகிறது என்று வைத்தியம் பார்த்திருக்கிறோம். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. அம்மாவின் மூடநம்பிக்கையால் இரண்டு வருடமும், ரத வீதியில் என் மானமும் போனதே என்ற கோபம்.

கடலைப் பார்த்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றுகொண்டாள். நான் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். எங்கள் வீட்டில் போன் இல்லை, எதிர்வீட்டுக்குப் போட்டு ஆளைக் கூப்பிடச் சொல்கிற பி.பி. நம்பர்தான். அம்மாவுக்கு விளக்கமாக ஒரு பாடம் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். ரேடியேட்டர் என்றால் என்ன, காற்றோட்டம் என்றால் என்ன, பூதத்துக்கு நாக்கு மட்டும்தான் உண்டு, அறிவு கிடையாது என்பது உட்பட எல்லாவற்றையும் மனதுக்குள் கோத்துவைத்திருந்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் எடுத்தாள். "கூப்பிடவே வேண்டாம். அவிய காலையில இருந்து இங்க போன் பக்கத்துலதான் நிக்காவ. உக்காருங்கன்னாலும் கேக்கல" என்று ரிசீவரைக் கொடுத்தாள்.

"வந்துட்டியா?" என்றாள் அம்மா.

"வந்துட்டோம்மா. கன்னியாகுமரில இருந்துதான் பேசுதேன். வண்டி ஒரு தடவகூடக் கொதிக்கல. ஏன்னு தெரியுமா ஒனக்கு?"

"முன்னாடிதான் ஒண்ணும் இல்லையே, பொறவு எப்படிக் கொதிக்கும்?"

நான் கோத்துவைத்திருந்ததெல்லாம் அறுந்து விழுந்தது.

"எலுமிச்சம்பழம் மட்டும் தொங்குன வாரம் நல்லாத்தான ஓடுச்சு" என்றாள் அம்மா, அரிசியில் கல் பார்க்கிறபோது பேசுகிற குரலில். "சங்கு கட்டுனேன், மம்சாபுரத்துல நின்னுச்சு. பூதத்தக் கட்டுனேன், அதுவரைக்குங்கூடப் போகல. அடைக்க அடைக்கக் கிட்டக்க நிக்கிதுன்னு மூணாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. ஒங்க மாமனாரு தகடு கொண்டாந்தாரு. எனக்கு நிம்மதியாப் போச்சு."

பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

"நீ சொன்னாக் கேக்க மாட்ட. அதான் வண்டி கேக்குற மாதிரி பண்ணேன்" என்றாள். "ஆனா லாரில கொண்டாந்து எறக்குன அன்னைக்கு நீ சிரிச்ச பாரு, அதப் பாக்க முடியலலே. தேவதானத்துக்காரருக்கு வரவேண்டாம்னு ஆள் அனுப்பிட்டேன்."

"அம்மா..."

"ரெண்டு வருசம் ஒன்ன உசுரோட வச்சிருந்தேன். இனிமே நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

கடற்கரைக்குப் போனேன். என் மனைவி சேலையை முழங்கால்வரை நனைத்துக்கொண்டு நின்றாள், இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்றாள். இருந்தோம். பிறகு ஈரச்சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினோம். திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழியில் ஒரு மணல் லாரி எங்களை முந்தியது. வள்ளியூரில் ஒரு டவுன்பஸ் முந்தியது. நாங்குநேரிக்கு இந்தப் பக்கம், பின்னால் இரண்டு பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று மணியடித்து வழி கேட்டு முந்திப் போனது. முன்னால் ஒரு மாட்டுவண்டி தெரிந்தபோது நான் கியரைக் குறைத்து, அதன் பின்னால் வெகுதூரம் ஊர்ந்து, ரோடு முழுக்கக் காலியாகும்வரை காத்திருந்து தாண்டினேன். என் மனைவி தோளுக்கு மேலாக எட்டி முள்ளைப் பார்த்தாள்.

"என்னங்க, மறுபடி சூடாயிருச்சா?"

"இல்ல."

"பொறவு ஏன் நாப்பதுலயே போறீய?"

பொழுது மசங்கத் தொடங்கியிருந்தது, முகப்பு விளக்கைப் போட்டேன்.